உழவு இயந்திரத்தின் மூச்சைக் காப்போம்
கையால் வால்வு அரைக்கும் தொழில் பற்றி விவசாயக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடம் சந்தியைக் கடந்து செல்பவர்கள், அங்குள்ள பொதுச் சந்தைக்கு அதிகாலையில் மரக்கறி ஏற்றிவரும் சின்ன உழவு இயந்திரங்களைக் கண்டிருப்பர். இரண்டு சக்கரமும் நீண்ட கைபிடியும் பின்னே ஒரு பெட்டியுமாக வரும் இந்த இயந்திரத்தை எமது மக்கள் இன்றும் 'லான்ட்மாஸ்ரர்' என்றே அழைக்கின்றனர். அது முதலில் இங்கு வந்த ஆங்கிலேய இயந்திரம் ஒன்றின் பெயர். பின்னர் ஜப்பானிலிருந்து குபோட்டாவும், சீனாவிலிருந்து பலவகை இயந்திரங்களும் வந்தன. ஆனால் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இயந்திரம் எமக்கு உழவுக்கு மட்டும் உதவவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முதியோரையும் குழந்தைகளையும் நெல்மூட்டைகளையும் சுமந்து சென்றதும் இதுவே. வன்னிக்குச் சென்ற இயந்திரங்கள் பல, 2009 இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டன. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்களுக்கு, காணி கைவிட்டுப்போன பின்னும் கையில் எஞ்சிய ஒரே முதல் பல வேளைகளில் இந்த இயந்திரமே. பிறருடைய தோட்டத்தைக் கூலிக்கு உழுதும் சந்தைக்குப் பொருள் ஏற்றியும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தந்தையர் பலர்.

எனவே, மழை விழுந்து மண் பதமாயிருக்கும் அந்தச் சில நாட்களில் இயந்திரம் நின்றுவிட்டால், அது வெறும் திருத்த வேலை அன்று. உழவு கைநழுவும், கூலி கைநழுவும், அடுத்து வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். அவ்வாறு நிற்கும் இயந்திரங்களிற் கணிசமானவற்றின் நோய் ஒன்றே: வால்வு சரியாக மூடாமை. அதற்குரிய மருந்து ஒரு சிறு தகரப் பேஸ்ற்றும், ஒரு கோலும், இரண்டு கைகளும், ஒரு நாட் பொறுமையும் ஆகும்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்றுத்தந்த பாடம்

இந்தத் தொழில் எமக்குப் புதியதன்று. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதும், குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகளும் மோட்டார் சைக்கிள்களும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாகி எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். அரைகுறையாக எரிந்த பகுதி கரியாகி வால்விலும் அதன் இருக்கையிலும் படியும். கரித்துணுக்கு ஒன்று இடையில் அகப்பட்டால் வால்வு மூடாது. மூடாத இடுக்கால் நெருப்பு பாய்ந்து உலோகத்தையே தின்றுவிடும். ஆகவே அந்த ஆண்டுகளில் வால்வு அரைப்பது எமது கராச்சுகளில் அன்றாட வேலையாயிற்று. உதிரிப்பாகம் வராத நிலையில், உள்ளதைப் பேணுவதே ஒரே வழியாக இருந்தது.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது மீண்டும் டீசலுக்கு வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. பழைய கைத்தொழிலை இளைய தலைமுறை கற்றிருக்க வேண்டியதன் அவசியத்தை அந்த ஆண்டு எமக்கு மீண்டும் உணர்த்தியது.

வால்வு என்ன செய்கிறது?

எமது சின்ன உழவு இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். சீனாவின் எஸ்-195 வகையை எடுத்துக்கொண்டால், அதன் சிலிண்டர் 95 மில்லிமீற்றர் விட்டமும் பிஸ்ரனின் ஓட்டம் 115 மில்லிமீற்றரும் ஆகும். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஏறத்தாழ 12 குதிரைவலுத் தரும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. பிஸ்ரன் காற்றைத் தன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசல் தூவப்பட்டதும் தானாகப் பற்றுகிறது. 1890களில் ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் கண்ட வழி இதுவே. ஆகவே அழுத்தமே இந்த எஞ்சினின் மூச்சு. அழுத்தம் ஒழுகினால் சூடு இல்லை. சூடு இல்லையேல் தீ இல்லை.

அந்த அழுத்தத்தை அடைத்து வைக்கும் கதவுகள் இரண்டு. காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்று, புகையை வெளியே விடும் வால்வு மற்றொன்று. 2000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 தடவை, அதாவது ஒரு மணித்தியாலத்தில் 60,000 தடவை திறந்து மூடும். புகை வால்வு எரிகின்ற வாயுவில் குளித்தபடி இதனைச் செய்கிறது. தன் சூட்டை அது முக்கியமாக இருக்கையில் வந்து அமரும் நேரத்திலேயே இறக்கி வைக்கிறது. சரியாக அமராத வால்வு சூட்டை இறக்க வழியின்றி எரிந்துபோகும்.

ஹெட்டைக் கழற்றுமுன் சோதியுங்கள்

கிளம்ப மறுக்கும் எஞ்சினைக் கண்டதும் ஹெட்டைக் கழற்றுவது தவறான வழக்கம். முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி அதனை அடைத்திருக்கலாம். டீசல் ஒழுங்காக வருகிறதா எனப் பாருங்கள். பின்னர் றொக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு எப்போதும் சற்றுத் திறந்தே நிற்கும். அதனைச் சரிசெய்தாலே சில எஞ்சின்கள் உயிர்பெறும். செலவு எதுவும் இல்லை.

அடுத்து, அழுத்தம் தளர்த்தும் நெம்பை விடுத்து, கைபிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல எஞ்சின் ஓரிடத்தில் கையைத் திருப்பித் தள்ளும். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால், ஒருவர் சுற்ற மற்றவர் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று வடிகட்டிப் பக்கம் 'உஸ்' என்று சத்தம் வந்தால் காற்று வால்வு ஒழுகுகிறது. புகைக்குழாயில் வந்தால் புகை வால்வு ஒழுகுகிறது. ஒயில் ஊற்றும் வாயில் வந்தால் குற்றம் பிஸ்ரன் றிங்கில் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம், அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். முதல் இரண்டுக்குமே வால்வு அரைத்தல் மருந்தாகும்.

வேண்டிய பொருட்கள்

எஞ்சினுக்குரிய ஸ்பானர்கள், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், வால்வு ஸ்பிறிங்கை அமுக்கும் கருவி, நுனியில் றப்பர்க் கிண்ணம் பூட்டிய அரைக்கும் கோல், பருக்கனும் நைசுமாக இருவகைப் பேஸ்ற், மண்ணெண்ணெய், சவர்க்காரம், பழைய பற்தூரிகை, பென்சில், சுத்தமான துணி, புதிய ஹெட் கஸ்கற். கழற்றியவற்றைப் போட இரண்டு சிரட்டைகள் வைத்திருங்கள். காற்று வால்வின் பாகங்கள் ஒன்றில், புகை வால்வின் பாகங்கள் மற்றதில். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

பேஸ்ற்றின் உயிர் சிலிக்கன் காபைட் என்னும் தூள். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் 'காபொறண்டம்' என்ற பெயரில் இதனைச் செய்தார். உருக்கை விடக் கடினமானது. அதனால்தான் வால்வை அரைக்கிறது. அதே காரணத்தால், தவறான இடத்தில் தங்கினால் எஞ்சினையும் அரைத்துவிடும். இதனை மறவாதிருங்கள்.

செய்முறை

1. எஞ்சினை நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீரை வடித்து, டீசல் திருகியைப் பூட்டுங்கள். இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றியதும் அதன் வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். வடிகட்டி, புகைக்குழாய், றொக்கர், தள்ளு தண்டுகள் என்பவற்றை ஒழுங்காகக் கழற்றி வையுங்கள். ஹெட் நட்டுகளை ஒரே தடவையில் கழற்றாமல், குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

2. ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மரச் சுத்தியலால் பக்கத்தில் தட்டுங்கள். இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்ப வேண்டாம். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் புதிய ஒழுக்குக்கு வழியாகும். பழைய கஸ்கற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து எடுங்கள்.

3. ஸ்பிறிங்கை அமுக்கி, தண்டைப் பிடித்திருக்கும் இரு சிறு பூட்டுகளையும் எடுங்கள். ஸ்பிறிங் தெறித்துக் கண்ணைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. முகத்தை விலக்கி, இருவராகச் செய்யுங்கள்.

4. கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பனஞ்சிராயாலோ பித்தளைத் தூரிகையாலோ அகற்றுங்கள். வால்வு அமரும் முகத்தில் இரும்பு படக் கூடாது.

5. இப்போது நோயைப் பாருங்கள். வால்வுத் தண்டைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு தெரியும். கைட்டுக்குள் விட்டு அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடினால் கைட் தேய்ந்துவிட்டது. வால்வின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்திருந்தால், வெடித்திருந்தால், அல்லது ஒரு பக்கம் எரிந்து வாய்க்கால் விழுந்திருந்தால் அதனை மாற்றவே வேண்டும். இருக்கையில் வெடிப்போ ஆழமான பள்ளமோ இருந்தால் ஹெட்டைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இவற்றை அரைத்துச் சரிசெய்ய முயல்வது வீண் உழைப்பு.

6. சிறு சிறு புள்ளிகளும் மங்கலும் மட்டுமே இருந்தால் அரைக்கலாம். தண்டில் ஒரு துளி ஒயில் விடுங்கள். வால்வின் சாய்ந்த முகத்தில் மூன்றிடத்தில் மிளகளவு பேஸ்ற் வையுங்கள். தண்டில் பேஸ்ற் படவே கூடாது. றப்பர்க் கிண்ணத்தை ஈரமாக்கி வால்வின் தலையில் ஒட்டி, கோலை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து, மோர் கடைவதுபோல் முன்னும் பின்னுமாக உருட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை உருட்டியதும் வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, மீண்டும் அமர்த்தி உருட்டுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் அரைத்தால் வட்டம் கோணலாகும்.

7. தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். அப்போது துடைத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் மட்டும் பருக்கன் பேஸ்ற். முடிப்பது எப்போதும் நைசில். வால்விலும் இருக்கையிலும் சுற்றிவர அறுபடாத, ஒரே அகலமான, மங்கிய சாம்பல்நிற வளையம் தெரியவேண்டும். அகலம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் இருந்தால் நன்று. அது தெரிந்ததும் நிறுத்துங்கள். மேலும் அரைத்தால் வால்வு ஆழத்தில் இறங்கிவிடும். மின்துளை இயந்திரத்தில் பூட்டி அரைப்பது வேகமாக முடியும், விரைவாகக் கெடுக்கும்.

8. சோதனை இரண்டு. முதலாவது, வால்வின் முகத்திற் பென்சிலால் எட்டுப் பத்துக் குறுக்குக் கோடுகள் இழுத்து, இருக்கையில் அமர்த்திக் கால் வட்டம் திருப்புங்கள். கோடுகள் எல்லாம் அறுந்திருக்க வேண்டும். அறாத கோடு உள்ள இடத்தில் வால்வு தொடவில்லை. இரண்டாவது, கழுவி ஸ்பிறிங் பூட்டிய பின், காற்று வழியிலும் புகை வழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். வால்வின் ஓரம் கசியாதிருந்தால் வேலை முடிந்தது.

9. கழுவுதலே இவ்வேலையின் பாதி. மண்ணெண்ணெயால் மட்டும் கழுவினால் தூள் தங்கிவிடும். பின்னர் சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு, கைட்டின் உட்பகுதி உட்பட, வெள்ளைத் துணியில் அழுக்குப் படாத அளவுக்குக் கழுவி, உலர்த்தி, ஒயில் பூசுங்கள்.

10. ஒவ்வொரு வால்வையும் அதனதன் இருக்கையிலேயே பூட்டுங்கள். இரு பூட்டுகளும் சரியாக அமர்ந்தனவா என்று மரச் சுத்தியலால் தண்டின் நுனியை மெல்லத் தட்டிப் பாருங்கள். புதிய கஸ்கற் வைத்து, நட்டுகளைக் குறுக்கு மறுக்காக மூன்று தடவையில், இயந்திரக் கைந்நூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

11. அரைத்ததால் வால்வு சற்று உள்ளே இறங்கி, தண்டின் நுனி மேலெழும். எனவே இடைவெளி குறைந்திருக்கும். பிஸ்ரன் அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிற்கும்போது, எஞ்சின் குளிர்ந்த நிலையில், அதனை மீண்டும் அமையுங்கள். எஸ்-195 வகைக்குக் காற்று வால்வு 0.35 மில்லிமீற்றர், புகை வால்வு 0.45 மில்லிமீற்றர். மற்ற எஞ்சின்களுக்கு அவற்றின் கைந்நூலைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பின் நட்டுகளையும் இடைவெளியையும் மறுபடி சரிபாருங்கள்.

நோய் திரும்பாதிருக்க

எமது குடாநாட்டின் நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறிய நீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்பே. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியிலும் ஹெட்டின் வழிகளிலும் அதுவே படிந்து, சூடு வெளியேறாமல் மறிக்கிறது. புகை வால்வு எரிவதற்கும் ஹெட் வெடிப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணம். கூரையில் விழும் மழைநீரைச் சேகரித்து எஞ்சினுக்கு ஊற்றுங்கள். மாரியில் நிரப்பிய ஒரு பீப்பாய் நெடுநாளைக்குப் போதும். காற்று வடிகட்டியை உழவு நாட்களில் தினமும் பாருங்கள். ஒயிலை உரிய நேரத்தில் மாற்றுங்கள்.

கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஒயிலையும் நிலத்தில் ஊற்றாதீர்கள். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கே போய்ச் சேரும். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எமது மக்கள் எழுப்பிய குரல், 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. பெரிய நிலையத்திடம் நாம் கேட்ட பொறுப்பை, எமது வளவிலும் நாமே காட்டுவது முறை. போத்தலில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராச்சில் கொடுங்கள்.

தனியாக அன்று, கூட்டாக

இங்கு சொன்ன கருவிகளை ஒவ்வொரு குடும்பமும் வாங்க வேண்டியதில்லை. ஐந்து அல்லது ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வைத்திருக்கலாம். ஒரு கொப்பியில் எந்த இயந்திரம், எந்தத் திகதி, என்ன கோளாறு, என்ன செய்யப்பட்டது என்று எழுதி வையுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை முதல் வேலைக்கு அழைத்து, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, அருகில் நின்று பழகுங்கள். அவருடைய பிழைப்பைக் கெடுப்பது எமது நோக்கமன்று. கடைசல், இன்ஜெக்டர், பம்ப் போன்ற நுட்ப வேலைகளுக்கு அவரிடமே செல்லவேண்டும்.

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. கணவர் இறந்தோ காணாமற் போயோ, அவர் விட்டுச் சென்ற இயந்திரம் கொட்டிலுக்குள் கிடந்து துருப்பிடிப்பதைப் பல வளவுகளில் காண்கிறோம். 'பொம்பிளையளுக்கு மெசின் வேலை சரிவராது' என்பவரின் பேச்சைக் கேட்டு, அதனை வந்த விலைக்கு இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். வால்வு அரைப்பதற்கு வேண்டியது உடல் வலு அன்று. பொறுமையும் சுத்தமும் கூர்ந்த கண்ணும் ஆகும். இம்மூன்றும் உங்களிடம் குறைவாக இல்லை.

வலிகாமம் வடக்கில் 2009 க்குப் பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டு வந்துள்ளன. இன்னும் தம் காணிக்காகக் காத்திருப்போரும் உள்ளனர். பல ஆண்டுகள் பற்றை மண்டிக் கிடந்த நிலத்தை மீண்டும் தோட்டமாக்குவது சாதாரண உழவன்று. வேரும் கல்லும் நிறைந்த ஒவ்வொரு பரப்பும் எஞ்சினைச் சோதிக்கும். சொந்த நிலம் என்றுமே இல்லாத குடும்பங்களுக்கோ, இயந்திரமும் கைத்தொழிலும் மட்டுமே முதல். நிவாரணம் ஒருநாள் நிற்கும், திட்டம் ஒருநாள் முடியும். கையில் பழகிய தொழிலை எந்த இடப்பெயர்வும் பறிக்க முடியாது.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981 இல் வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு முதலில் செய்யும் பொருளில் அன்று, அதனைச் செய்யும் மனிதரில் இருக்கிறது என்று கற்பித்தார். நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையை நினைவில் கொண்டோர்க்கு இது புதிதன்று. கரியும் ஒயிலும் படிந்த கையைப் பற்றி எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

காலபோக மழை ஐப்பசியில் வரும். அதற்கு முன், ஆவணி மாதத்திலேயே உங்கள் எஞ்சினின் கைபிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அது கையைத் திருப்பித் தள்ளாவிட்டால், அயலவரையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். மழை வரும் நாளில் உழவுக்குப் போகலாம்.